பிள்ளை முகத்தில் ஏன் கிழவி வந்து உட்காருகிறாள்? (பேஸ்டல் வண்ணக்குச்சி உருவப்பட இழை)

ஜூன் 2, மாலை | கேட்டவர்

பேஸ்டல் என்றாலே மென்மை. குழந்தை முகத்துக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது, விரலால் நன்றாகத் தேய்த்துவிட்டால் போதும். ஆனால் 13, 14 வயசுக்கு ஒத்துவராது, அதற்குச் சார்கோல் என்னும் கரிக்குச்சிதான். இது என் கருத்து. கூடவே ஒரு சந்தேகம்: அக்கா மகளுக்கு 4 வயது. மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், மூன்றிலும் கிழவி மாதிரி வருகிறாள். எங்கே தப்பு?

ஜூன் 2, இரவு 9.15

முதலில் கிழவியைக் கவனிப்போம். கருத்தை அப்புறம் பார்க்கலாம்.

நாலு வயசு முகம் மூத்துத் தெரிந்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடந்திருக்கும். கண் மேலே ஏறியிருக்கும், இல்லாவிட்டால் கோடு அதிகமாகியிருக்கும்.

தாளில் உச்சியிலிருந்து மோவாய் வரை 16 செ.மீ என்று வையுங்கள். பெரியவர்களுக்குக் கண்கோடு சரிபாதியில், அதாவது 8 செ.மீ-இல் விழும். நாலு வயசுக்கு 9 செ.மீ. கைக்குழந்தைக்கு ஒன்பதரையை ஒட்டி. பத்து வயசுக்கு எட்டரை. ஒரு சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். வயசு முழுக்க அதில்தான் இருக்கிறது. மண்டை முதலில் வளர்ந்துவிடுகிறது, முகம் பின்னால் மெதுவாக வருகிறது. பிறக்கும்போது மண்டைப்பெட்டிக்கும் முகத்துக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய 8:1, வளர்ந்தபின் 2:1 பக்கம். பல் முளைக்க முளைக்கத் தாடை கீழே இறங்கும், நமக்கு என்னவோ கண் மேலே போவதுபோலத் தெரியும்.

அடுத்தது கருவிழி. ஏறக்குறைய இரண்டு வயசிலேயே அது பெரியவர்களின் அளவை, 11.7 மி.மீ பக்கம், தொட்டுவிடுகிறது. முகம்தான் சின்னது. நாலு வயசுத் தலை நிஜத்தில் சுமார் 18 செ.மீ, பெரியவர் தலை இருபத்திரண்டரை. இரண்டையும் அதே 16 செ.மீ-க்குள் வரைந்தால் பிள்ளையின் கருவிழி 10 மி.மீ-க்கு மேலே வரும், பெரியவருக்கு 8 மி.மீ சொச்சம். பழக்கத்தில் கை எட்டையே போடும். பிள்ளைக்குச் சுற்றிலும் வெள்ளை அதிகமாகி, பயந்த கிழவி பார்ப்பதுபோல ஆகிவிடும்.

கோடு பற்றி: மூக்கோரத்திலிருந்து வாயோரத்துக்கு இறங்கும் மடிப்பை வரையவே வேண்டாம். பிள்ளை சிரிக்கும்போது அங்கே கன்னச் சதை உருண்டு வருகிறது, அந்த உருண்டையின் வெளிச்சம் அங்கே முடிகிறது, அவ்வளவுதான். பக்கத்து ஷேடைவிட ஒரு படி இருண்ட குச்சியைப் படுக்க வைத்து ஒரு இழுப்பு. கூர்முனையால் கோடு இழுத்தால் ஐம்பது வயசு.

ஜூன் 3, காலை 6.50

நேற்று எழுதியதில் ஒரு ஓட்டை. உச்சி என்றால் மண்டையோட்டின் உச்சி, முடியின் உச்சி அல்ல. சுருட்டை முடிப் பிள்ளைக்கு மேலே 1 செ.மீ முடி நிற்கிறது, அதையும் சேர்த்து 17 என்று அளந்துவிட்டீர்கள் என்று வையுங்கள். அதே விகிதத்தில் கண்ணை வைத்தால் மண்டை உச்சியிலிருந்து எட்டரையில் போய் விழும். நாலு வயசுப் பிள்ளை பத்து வயசாகிவிடும். உங்கள் மூன்று படத்திலும் இதுதான் நடந்திருக்கும் என்று எனக்குப் பலமான சந்தேகம். முதலில் மொட்டைத் தலையாக மெல்லக் கோடு போட்டு, அதன்மேல் முடி வையுங்கள்.

இன்னொன்று: தலை நேராக இருந்தால்தான் இந்த எண்கள் செல்லும். குனிந்திருந்தால் கண்கோடு இன்னும் கீழே இறங்கும், அண்ணாந்தால் மேலே ஏறும்.

ஜூன் 3, பகல் 1.30

"போட்டோ பார்த்துத்தான் போட்டேன், அளவு எப்படித் தப்பும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். போட்டோதான் தப்பு. பெரியவர்கள் நின்றபடி, ஃபோனை முகத்துக்கு அரை மீட்டரில் நீட்டி, மேலிருந்து எடுக்கிறார்கள். நெற்றி வீங்கும், மோவாய் ஒடுங்கும், காது பின்னால் ஓடிவிடும். பிள்ளையின் கண் உயரத்துக்குக் குந்தி உட்காருங்கள். இரண்டு மீட்டராவது தள்ளி, 2x-இல் எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், ஒரே ஜன்னல் வெளிச்சம், பக்கவாட்டில் சாய்ந்து விழட்டும். பியூட்டி மோட் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அது கண்ணைப் பெரிதாக்கும், தோலை மெழுகும். கருவிழி பற்றி நான் முன்பு சொன்ன கணக்கெல்லாம் வீணாகும்.

ஜூன் 4, இரவு 10.40

இப்போது கருத்துக்கு வருகிறேன். "விரலால் நன்றாகத் தேய்த்துவிட்டால் போதும்."

போதாது. விரலால் தேய்க்கவே கூடாது. தேய்த்த பேஸ்டல் செத்த பேஸ்டல். தூள் தாளின் பள்ளத்துக்குள் அமுங்கிவிடும், துகள்களின் ஓரத்தில் ஒளி சிதறுவது நின்றுவிடும், நிறம் மங்கும். கூடவே விரலின் எண்ணெய் ஒட்டும். முகம் முழுக்க ஒரே வழவழப்பு வந்து பொம்மையாகிவிடும். மேலே கிழவி, இங்கே பொம்மை. நடுவில்தான் பிள்ளை இருக்கிறது.

ஜூன் 5, காலை 7.05

ராத்திரி எழுதியது கொஞ்சம் சூடாகிவிட்டது. "தேய்க்கவே கூடாது" என்பதை வாபஸ் வாங்குகிறேன். ஆங்கிலேய ஓவியர் ஜான் ரஸ்ஸல் 1772இல் லண்டனில் வெளியிட்ட பேஸ்டல் கையேட்டில் விரலால் இணைக்கத்தான் சொல்கிறார். பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும், செர்ரிப் பழம் நீட்டும் அவருடைய சிறுமியைப் பார்த்தவர்கள் விரலைக் குறை சொல்ல மாட்டார்கள்.

சரியாகச் சொன்னால் இப்படி: முதல் படிவை, அதாவது முதல் தூள் அடுக்கை மட்டும் தேய்க்கலாம், கடைசிப் படிவைத் தொடக்கூடாது. கன்னத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு குச்சி போதும். முதலில் ஒரு கடின பேஸ்டலை (தூள் குறைவாக உதிரும் கெட்டிக் குச்சி) படுக்க வைத்து, நடு ஷேடைக் கன்னம் முழுக்க லேசாக ஓட்டுங்கள். விரலில் மெல்லிய ரப்பர் உறை போட்டு ஒரு தடவை தட்டித் தேயுங்கள், தாளின் வெறுமை மறைந்தால் போதும். அதன்மேல் நிழல் பக்கத்துக்கு ஒரு படி இருண்ட குச்சி, தேய்க்காமல், கன்னத்தின் உருட்டலை ஒட்டி வளைத்து. பிறகு சிவப்புச் சாய்ந்த ஷேடு. கன்னத்து நடுவில் மட்டுமல்ல, காது மடல், மூக்கு நுனி, மோவாய் மூன்றிலும் ஒரு தீற்றல். சிறார் முகத்தில் இந்த நாலு இடத்திலும் ரத்த ஓட்டம் தெரியும். கன்னத்தில் மட்டும் வைத்தால் நாடக மேக்கப். கடைசியில் சாஃப்ட் குச்சியில் வெளிச்சம், இரண்டு மூன்று தொடல். பேஸ்டல் நுனி தாளில் பட்டதும் கையை எடுத்துவிடுங்கள். அந்தத் தூள் அப்படியே நிற்கட்டும்.

கடினத்திலிருந்து மென்மைக்கு, இருளிலிருந்து வெளிச்சத்துக்கு. வரிசையைத் திருப்பினால் மெழுகுத்தரையில் வழுக்குவதுபோலக் குச்சி வழுக்கும்.

ஜூன் 5, மாலை 5.20

"நான் வாங்கியது பிசுபிசுவென்று இருக்கிறது, தூளே வரவில்லை." அது ஆயில் பேஸ்டல். நம் ஊர் ஸ்டேஷனரி கடையில் "பேஸ்டல்" என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் அதைத்தான். அட்டையில் "சாஃப்ட் பேஸ்டல்" என்று இருக்க வேண்டும். சாக்பீஸ் மாதிரி விரலில் தூள் ஒட்டினால் சரியான சரக்கு. நிறமித்தூள், கொஞ்சம் சுண்ணத்தூள், கட்டுவதற்குச் சொட்டுப் பிசின். உள்ளே வேறொன்றும் இல்லை.

தாள்: கான்சன் மி-தைன்ட், 160 ஜிஎஸ்எம். ஒரு பக்கம் தேன்கூடு மாதிரிக் குழி, மறுபக்கம் வழுவழு. பிள்ளை முகத்துக்கு வழுவழு பக்கம்தான். குழிப் பக்கத்தில் போட்டால் கன்னம் முழுக்க ஒழுங்கான புள்ளி வரிசை தெரியும், அம்மை போட்டதுபோல. நாலைந்து படிவுக்குமேல் இந்தத் தாள் தாங்காது. வழுக்க ஆரம்பித்தால் இன்னும் அழுத்தாதீர்கள். காய்ந்த பன்றிமயிர் பிரஷ்ஷால் தூளைத் தட்டி எடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். பேஸ்டல்மேட் என்ற தாள் இதைவிட நிறைய தாங்கும், விலையும் அப்படியே.

ஜூன் 7, இரவு 11.00

பேஸ்டல் என்றாலே மென்மை என்ற பேச்சு மனசில் நெருடிக்கொண்டே இருந்தது. ஸ்தனிஸ்வாஃப் விஸ்பியான்ஸ்கியின் பிள்ளைகளைப் பாருங்கள். போலந்தின் கிராக்கோவ் நகரத்துக்காரர், 1869இல் பிறந்து 1907இல் போய்விட்டார். மகள் ஹெலென்கா, மகன்கள் மியெத்தெக், ஸ்தாஷ் ஆகியோரை 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் பேஸ்டலில் வரைந்து தள்ளியிருக்கிறார். ஒரு இடத்திலும் பஞ்சு கிடையாது. முகத்தைச் சுற்றி வளைந்தோடும் அடர்ந்த கோடு, உள்ளே தட்டையான நிறம். தேவாலயக் கண்ணாடி ஜன்னல்களுக்கு வடிவம் போட்ட கை அது. கண்ணாடித் துண்டுகளை இணைக்கும் ஈயக் கோடுதான் குழந்தையின் கழுத்தைச் சுற்றி ஓடுகிறது என்று தோன்றும்.

அப்படியானால் "கோடு போட்டால் வயசாகும்" என்று நான் சொன்னது? அவருடைய கோடு எல்லையில் ஓடுகிறது: கன்னத்தின் வெளிவிளிம்பு, இமை, முடி. முகத்துக்கு உள்ளே, சதை மடியும் இடத்தில், ஏறக்குறைய இல்லை. ஜூன் 2 குறிப்பை இப்படித் திருத்திப் படியுங்கள்: வெளிக்கோடு எவ்வளவு தடித்தாலும் பிள்ளை பிள்ளைதான், உட்கோடுதான் வயசாக்கும்.

இன்னொரு விஷயம், அவர் வரைந்ததில் தூங்கும் பிள்ளைகள் நிறைய. காரணம் கவித்துவமாக இருக்க வேண்டியதில்லை. நாலு வயசுப் பிள்ளை விழித்திருந்தால் ஐந்து நிமிஷம் உட்காரும். தூங்கினால் முக்கால் மணி நேரம் கிடைக்கும். தூங்கும் முகத்தில் ஒன்றைக் கவனியுங்கள்: படுத்த பக்கத்துக் கன்னம் சரிந்து வாயோரத்தைத் தள்ளும், உதடு ஒருபுறம் குவியும். அதை "நேராக்கி" விட்டால் தூக்கம் கலைந்துவிடும்.

ஜூன் 8, மாலை 6.10

தோல் நிறம். வெளிநாட்டு "போர்ட்ரெய்ட் செட்" வாங்கிவிட்டு ரோஜா நிறக் குச்சிகளை என்ன செய்வது என்று தெரியாமல் விழிக்கிறவர்கள் நிறைய. நம் பிள்ளைகளுக்கு பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), ரா அம்பர் (மண் பழுப்பு), யெல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்), ஒரு அடர்ந்த ஊதாப் பழுப்பு, ஒரு சாம்பல் பச்சை இருந்தால் அடிப்படை வந்துவிடும். தாள் ஆலிவ் அல்லது பழுப்புச் சாய்ந்த சாம்பல். வெள்ளைத் தாளில் தொடங்கினால் எல்லா ஷேடும் இருட்டாகத் தெரியும், பயந்து வெளுப்பாகவே போட்டுக்கொண்டு போவீர்கள்.

நெற்றிப் பளபளப்புக்கு வெள்ளைக் குச்சியை எடுக்காதீர்கள். பழுப்பின்மேல் வெள்ளை ஏறினால் விபூதி பூசியதுபோலச் சாம்பலாகும். நெற்றியில் விழுவது வானத்து வெளிச்சம், அதற்கு வெளிறிய நீலச்சாம்பல் ஒரு தொடல். எண்ணெய் வைத்து வாரிய முடியிலும் அதே நீலச்சாம்பல்தான் மினுங்கும், முடியின் இருட்டுக்கு அடர்பச்சையும் ஊதாப் பழுப்பும் மாற்றி மாற்றி. கறுப்புக் குச்சி பெட்டியிலேயே தூங்கட்டும். திருஷ்டிப் பொட்டுக்கு மட்டும் எழுப்பலாம்.

கண் மை தீட்டிய பிள்ளை தனிப் பாடம். மை இமையோரத்தைத் தடிக்கவைத்து வயசைக் கூட்டும். கீழிமையில் மையை முழுக் கோடாகப் போடாமல் வெளியோரத்தில் மட்டும் இருட்டி, மூக்குப் பக்கம் கரையவிடுங்கள்.

அப்புறம் அந்தப் பழைய வேண்டுகோள்: "கொஞ்சம் கலரா போடுங்க." நியாய அநியாயத்தை விடுங்கள், தொழில் கணக்கைச் சொல்கிறேன். அடிநிறத்தை இரண்டு படி வெளுத்துவிட்டால், மேலே வெளிச்சம் வைக்க இடமே இருக்காது. மூக்கு எழும்பாது, கன்னம் உருளாது, முகம் தட்டாக விழும். கேட்டவர்களே "அவ மாதிரி இல்லையே" என்று திருப்பித் தருவார்கள்.

ஜூன் 10, இரவு 9.45

13, 14 வயசுக்குப் பேஸ்டல் ஒத்துவராது என்ற இரண்டாம் பாதி. இதற்கு லியோதாரைக் கூப்பிட வேண்டும். ஜெனீவாக்காரர் ழான்-எத்தியேன் லியோதார், 1762இல் வியன்னாவில் பேரரசி மரியா தெரசாவின் பிள்ளைகளில் 11 பேரைத் தனித்தனியே பேஸ்டலில் வரைந்தார். ஒரே வருஷம், ஒரே கை, ஒரே குடும்பம். சின்னஞ்சிறுசிலிருந்து வளர்ந்தவர்கள் வரை. ஏழு வயசு நிரம்பாத மரி அந்துவானெத் கையில் நூல் முடிச்சுப் போடும் ஷட்டில் கருவியோடு உட்கார்ந்திருக்கிறாள். வயசு முகத்தில் எந்த இடத்தில் ஏறுகிறது என்று படிக்க இதைவிட நல்ல வரிசை எனக்குத் தெரியாது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: கண் அப்படியே இருக்கும், மூக்கின் பாலம் எழும்பும், பிறகு மோவாய் முன்னால் வரும்.

பதின்ம வயசுச் சங்கடமும் அதுதான். உறுப்புகள் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. பெண் பிள்ளைகளுக்கு வளர்ச்சி வேகம் 11, 12 வயசில் உச்சம், பையன்களுக்கு 13, 14. மூக்கு முந்திக்கொள்கிறது, பையனின் தாடை 17, 18 வரை பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறது. 13 வயசுப் பையனுக்கு மூக்கு பெரிதாகத் தெரிந்தால் பெரிதாகவே போடுங்கள். "பாவம், கொஞ்சம் சின்னதாக்கிவிடுவோம்" என்று இரங்கினால் ஒன்பது வயசுக்குப் போய்விடுவான். தாடைக்கோட்டைக் கூராக்கினால் இருபத்தைந்து. அந்தப் பொருந்தாமையைத் திருத்தாமல் விட்டால்தான் அந்த வயசு தாளில் நிற்கும்.

ஜூன் 11, காலை 6.30

திருத்தம். லியோதாரின் வியன்னாப் படங்களைப் பேஸ்டல் என்று எழுதிவிட்டேன். அவை கறுப்பு, சிவப்பு சாக் ஓவியங்கள், மேலே லேசான வண்ணம். மெல்லிய தாளின் பின்புறத்தில் நிறம் பூசியிருப்பார், அது முன்னால் கசிந்து தோலுக்கடியில் ரத்தம் ஓடுவதுபோலத் தெரியும். முழுப் பேஸ்டலில் அவருடைய சிறுமி வேண்டுமென்றால் அமெரிக்காவின் கெட்டி மியூசியத்தில் இருக்கும் ஏழு வயசு மரியா ஃப்ரெதெரிக்கே: 1755-56, பதப்படுத்திய கன்றுத் தோலில். நீல வெல்வெட், வெள்ளை ரோமம், மடியில் கறுப்பு நாய். பெண் எங்கேயோ பார்க்கிறாள், நாய்தான் நம்மை முறைக்கிறது.

லண்டன் நேஷனல் கேலரியில் அவருடைய 1754 காலை உணவுப் படமும் இருக்கிறது. முடிச் சுருளுக்காகத் தலையில் காகிதத்துண்டுகள் முறுக்கிய சிறுமி கோப்பையில் ரொட்டியை முக்குகிறாள். முகத்தைவிட அந்தக் காகிதங்களே அவள் வயசைச் சொல்லிவிடும்.

ஜூன் 13, இரவு 10.20

"அரும்பு மீசை எப்படி? வரைந்தால் அழுக்கு மாதிரி இருக்கிறது." மேலே போட்டதால்தான் அழுக்கு. அது அடியில் இருக்க வேண்டும். தோல் நிறம் ஏற்றுவதற்கு முன்பே மேலுதட்டில் சாம்பல் பச்சைக் கடினக் குச்சியைப் படுக்க வைத்து ஒரே ஒரு இழுப்பு, வாயோரங்களில் கொஞ்சம் அடர்த்தி, மூக்குக்குக் கீழான குழியில் வெறுமை. அதன்மேல் தோல் நிறத்தை அழுத்தாமல் ஓட்டுங்கள். பச்சை முக்கால்வாசி மறைந்து மீதி நிழலாக நிற்கும். முடி ஒவ்வொன்றாக வரைய ஆரம்பித்தால் நிறுத்த முடியாது, பையன் போலீஸ்காரனாகிவிடுவான்.

பரு: வேண்டாம் என்பேன். இரண்டு வாரத்தில் போகக்கூடியதைச் சட்டத்துக்குள் வைப்பானேன். ஆனால் பருவோடு வரும் எண்ணெய்ப் பளபளப்பை விட்டுவிடாதீர்கள். நெற்றி நடு, மூக்கு, மோவாய். நாலு வயசுத் தோலில் வெளிச்சம் பரவும், பதினாலில் அதே வெளிச்சம் சின்னதாக, கூர்மையாக நிற்கும். மச்சமும் தழும்பும் போகாதவை, போடுங்கள்.

பல்: 7, 8 வயசில் மேல் முன்பற்கள் புதிதாக இறங்கும்போது முகத்துக்குப் பெரிசாக, ஓரம் ரம்பப் பல்போல மேடுபள்ளமாக இருக்கும். பல்லுக்குப் பல் நடுவே கோடு போடாதீர்கள், மொத்தமாக ஒரே பட்டை. ஈறு ஓரத்தில் மட்டும் சின்னச் சின்ன இருட்டுப் புள்ளிகள். விழுந்த பல்லின் ஓட்டை கறுப்பல்ல, அடர்ந்த செம்பழுப்பு.

ஜூன் 14, காலை 8.00

பெற்றோர் "இது எங்க பையனே இல்ல" என்றால் உடனே அளவுகோலை எடுக்காதீர்கள். அவர்கள் மனசில் இருப்பது இரண்டு வருஷத்துக்கு முந்தைய முகம். பாட்டியைக் கேட்டால் ஐந்து வருஷம்.

ஜூன் 18, இரவு 9.30

"முடிந்ததும் தூளைப் பிடித்து நிறுத்தும் ஸ்ப்ரே அடிக்கலாமா?" நடுப்படிவில் லேசாக, அரை மீட்டர் தள்ளி அடிக்கலாம். கடைசியில் வேண்டாம். ஈரத்தில் தூள் அமுங்கி எல்லா ஷேடும் ஒரு படி இருளும், முதலில் காணாமல் போவது நீங்கள் நெற்றியில் வைத்த அந்த நீலச்சாம்பல்.

மின்விசிறியை அணைத்துவிட்டு வேலை செய்யுங்கள். தாளைச் செங்குத்தாக, மேல்பக்கம் சற்றே முன்னால் சாய்த்து வையுங்கள், உதிரும் தூள் முகத்தின்மேல் விழாமல் நேராகக் கீழே போகும். வாயால் ஊதாதீர்கள்: எச்சில் பட்ட இடம் புள்ளியாகும், தூள் மூக்குக்குள் போகும். சில சிவப்பு, மஞ்சள் குச்சிகளில் காட்மியம் இருக்கும். முகக்கவசம் போடுங்கள், படம் போட உட்காரவைத்த பிள்ளையின் கைக்குக் குச்சியைக் கொடுத்துச் சமாதானம் செய்யாதீர்கள்.

சட்டம்: கண்ணாடிதான், அக்ரிலிக் வேண்டாம். துடைக்கத் துடைக்க நிலைமின்சாரம் ஏறித் தூளை இழுத்துக்கொள்ளும். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே 4, 5 மி.மீ இடைவெளி. மவுண்ட் போர்டு (படத்தைச் சுற்றி வரும் அட்டை) ஒன்று பத்தாது, இரண்டு போடச் சொல்லுங்கள். மழை ஈரம் இறங்கும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். பூஞ்சை முதலில் இருண்ட இடத்தில்தான் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும், அதாவது முடியில். பொடுகு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

ஜூன் 21, மாலை 4.15

கேட்டவர் நாலாவது படத்தைக் காட்டியிருக்கிறார். கண் இறங்கியிருக்கிறது, கிழவி போய்விட்டாள். இடது காது ஒரு விரற்கடை மேலே நிற்கிறது: இந்த வயசில் காதின் மேல்நுனி கண்கோட்டை ஒட்டி நிற்கட்டும். வலது கன்னத்தில் சிவப்புத் தூள் சிந்தியிருப்பது ரிப்பனிலிருந்து வந்தது. துடைத்தால் பரவும். பிசையும் ரப்பரைக் கூராக உருட்டி, ஒற்றி ஒற்றி எடுங்கள், ஒவ்வொரு தடவையும் சுத்தமான பக்கத்தால். அடுத்த முறை ரிப்பனைக் கடைசியில் போடுங்கள்.